வெட்டுண்ட நரம்பு மீண்டும் வளருமா? மீன்கள் சொல்லும் பாடம்

(நூற்றாண்டு விழாவையொட்டி ஆலையடிவேம்பில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லோருக்கும் விளங்கும்படி ஒரு விஞ்ஞான விடயத்தைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். மீனைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் வயல் என்று வாழ்பவர்கள் நாம். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை மீன் பாடும் மட்டக்களப்பு மாவட்டத்தினராகவே இருந்தவர்கள். மீனை எப்படிப் பிடிப்பது, எப்படி ஆக்குவது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மீனிடம் நமக்கு இல்லாத ஆற்றல் ஒன்று இருக்கிறது. அதன் முண்ணாண் அறுந்தாலும் அது மீண்டும் வளர்ந்து, மீன் மறுபடி நீந்துகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இது ஏன் நம் விடயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னையில் இருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர், யுத்த காலத்தில் குண்டுச் சிதறல் முதுகில் பாய்ந்தவர் என்று இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்வும் இழந்த ஒருவரையாவது அறியாதவர்கள் இம்மண்டபத்தில் குறைவு. அவரைப் புரட்டிப் படுக்கவைப்பவள், கழுவித் துடைப்பவள், இரவில் எழுந்து பார்ப்பவள் பெரும்பாலும் ஒரு தாய், ஒரு மனைவி, ஒரு மகள். உலகம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் முண்ணாண் பாதிப்புடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் கூறியது. விழுதல், வீதி விபத்து, வன்முறை ஆகிய மூன்றும் இதற்கு முக்கிய காரணங்கள். இவை மூன்றையும் நம் கரையோரம் நன்கு அறியும்.

அந்த வீடுகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “இவர் திரும்ப நடப்பாரா?” அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் இன்று எந்த இடம்வரை பதில் சொல்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதே என் உரை.

நரம்பைப் பற்றிச் சிறிது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நரம்புக் கலத்தில் ஓர் உடலும், அதிலிருந்து புறப்படும் நீண்ட இழையும் உண்டு. அந்த இழையை அக்சன் என்பார்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு கலத்தின் இழை கால்விரல்வரை ஓடும். வளர்ந்த ஒருவரில் அது ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். இழை அறுந்தால் கலத்துடன் சேர்ந்திருக்கும் பகுதி உயிரோடு இருக்கும். அப்பால் உள்ள பகுதி அழிந்துபோகும். மீண்டும் இணைவதென்றால் அறுந்த நுனியிலிருந்து புதிய இழை முளைத்து, பழைய இலக்கைத் தேடிப் போகவேண்டும்.

கையிலும் காலிலும் உள்ள நரம்புகளில் இது நடக்கிறது. அறுவடைக் காலத்தில் மணிக்கட்டில் அரிவாள் வெட்டி நரம்பு அறுந்துவிட்டால், சத்திரசிகிச்சை நிபுணர் நரம்பின் இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார். தைத்த மறுநாளே விரலில் உணர்வு வந்துவிடாது. இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு 18 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் 180 நாள், அதாவது ஆறு மாதம். இந்தச் சிறு கணக்குத் தெரியாமல், “தைத்தும் பயனில்லை” என்று இரண்டாம் மாதமே பயிற்சியைக் கைவிடுபவர்கள் உண்டு. பொறுமையாகப் பயிற்சியைத் தொடர்வது அங்கே மருந்துக்குச் சமம்.

ஆனால் மூளை, முண்ணாண், பார்வை நரம்பு ஆகியவற்றில் மனிதருக்கு இந்த வளர்ச்சி நடப்பதில்லை. ஸ்பெயின் நாட்டு நரம்பியல் முன்னோடி சந்தியாகோ ரமோன் இ கஹால் 1913, 1914ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலில் இதை விரிவாக எழுதினார். அறுந்த நுனிகள் சும்மா இருக்கவில்லை, சிறிது முளைத்தன, பின்னர் நின்றுவிட்டன என்பதை அவர் நுணுக்குக்காட்டியின் ஊடாகக் கண்டார். ஏன் நின்றன என்பதுதான் அடுத்த பல பத்தாண்டுகளின் கேள்வி.

அதற்கு ஒரு முக்கியமான விடை 1981இல் கனடாவின் மொன்றியலில் கிடைத்தது. அல்பேர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிட்டும் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, முண்ணாணுக்கும் மூளையின் அடிப்பகுதிக்கும் இடையில் பாலம் போல வைத்தார்கள். “வளராது” என்று சொல்லப்பட்ட முண்ணாண் கலங்கள் அந்தத் துண்டுக்குள் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் தூரம் இழை விட்டன. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், விதைநெல் முழுவதும் பழுதல்ல, விழுந்த நிலம் உவர் நிலம். நரம்பைச் சூழ்ந்திருக்கும் துணைக்கலங்களும், காயத்தில் உண்டாகும் தழும்பும், இழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புறையில் உள்ள சில புரதங்களும் சேர்ந்து வளர்ச்சியைத் தடுக்கின்றன. முதிர்ந்த கலத்தின் சொந்த வளர்ச்சி வேகம் குறைந்துவிடுவதும் உண்மைதான். ஆனால் நிலத்தைத் திருத்தினால் பயிர் கொஞ்சமாவது வரும் என்ற நம்பிக்கை அன்றுதான் பிறந்தது.

இனி மீனுக்கு வருவோம்.

மீனினதும் தவளையினதும் நரம்பு வளரும் என்பது புதிய செய்தியல்ல. அமெரிக்க விஞ்ஞானி ரொஜர் ஸ்பெரி 1940களில் தவளை போன்ற நீர்நில வாழிகளின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு வளர்ந்தது, பார்வை வந்தது. ஆனால் அந்தப் பிராணிக்கு உலகம் தலைகீழாகத் தெரிந்தது. மேலே இருக்கும் பூச்சியைப் பிடிக்கக் கீழே பாய்ந்தது. எத்தனை நாள் சென்றாலும் திருத்திக்கொள்ளவில்லை. 1963இல் அட்டார்டி என்பவருடன் சேர்ந்து பொன்மீனில் செய்த ஆய்வில், வளரும் இழைகள் வெறுமையாகக் கிடந்த இடங்களைக்கூடக் கடந்து தத்தம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்ததை அவர் காட்டினார். ஒவ்வொரு இழைக்கும் ஒரு முகவரி உண்டு, அந்த முகவரியை இரசாயனக் குறிகளாக மூளை எழுதி வைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். நரம்பு வளர்ந்தால் மட்டும் போதாது, சரியான வீட்டுக்குப் போகவும் வேண்டும் என்ற பாடத்தையும் நாம் மீனிடமே கற்றோம்.

இன்றைய ஆய்வுகளின் கதாநாயகி வரிக்குதிரை மீன். மூன்று, நான்கு சென்ரிமீற்றர் நீளம், உடலில் நீலக் கோடுகள். மீன்தொட்டிக் கடைகளில் ‘சீப்ரா டானியோ’ என்று விற்கிறார்கள். இது நம் பிராந்தியத்து மீன். கங்கைச் சமவெளியின் ஓடைகளும் வயல் வாய்க்கால்களும் இதன் தாயகம். கிழக்கிந்தியக் கம்பனியில் பணியாற்றிய ஸ்கொட்லாந்து வைத்தியர் பிரான்சிஸ் ஹமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் இதை முதன்முதலில் விவரித்தார். இதன் நெருங்கிய உறவுக்காரியான டெவாரியோ மலபாரிக்கஸ் என்னும் மீன் நம் இலங்கையின் ஓடைகளிலும் வாழ்கிறது.

இந்தச் சிறு மீனை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர். அவருடைய முக்கியமான கட்டுரை 1981இல் வந்தது. ஜேர்மனியின் ரியூபிங்கனில் கிறிஸ்ரியான நுஸ்லைன்-ஃபொல்ஹார்ட் என்ற பெண் விஞ்ஞானி இம்மீனில் ஆயிரக்கணக்கான பரம்பரை மாற்றங்களைத் தேடிக் கண்டு, 1996இல் வெளியிட்டார். பழ ஈயில் செய்த ஆய்வுக்காக அதற்கு முந்திய ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்திருந்தது. பெயர் கிடைத்தபின் ஓய்ந்திருக்காமல் மீனிடம் போனவர் அவர். 2013இல் இம்மீனின் பரம்பரையலகுகள் முழுவதும் வாசிக்கப்பட்டபோது, மனிதரின் பரம்பரையலகுகளில் ஏறத்தாழ 70 வீதமானவற்றுக்கு இம்மீனிடம் ஒத்த வடிவம் இருப்பது தெரியவந்தது. மீன் கற்றுத்தருவது நமக்கும் பொருந்தக்கூடும் என்று நம்புவதற்கு இதுவே அடிப்படை.

வேறு வசதிகளும் உண்டு. முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளரும். முளையம் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். ஒரு நாள் கழிந்ததும் இதயம் துடிப்பதை ஒரு சாதாரண நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். இரண்டு, மூன்று நாளில் குஞ்சு பொரித்துவிடும். ஒரு தாய்மீன் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான முட்டை இடும். செலவும் இடமும் குறைவு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மீனுக்கு மயக்க மருந்து கொடுத்து, ஒழுக்கவியல் குழுவின் அனுமதியுடன், முண்ணாணை முழுவதும் குறுக்கே வெட்டுகிறார்கள். வெட்டுக்குப் பின்னால் உள்ள உடல் செயலிழக்கிறது; வால் அசையாது. மனிதருக்கு அத்துடன் கதை முடிந்தது. மீனுக்கோ அதுதான் தொடக்கம்.

முதலில் வெள்ளைக் கலங்கள் வந்து அழிந்தவற்றை அகற்றிச் சுத்தம் செய்கின்றன. அடுத்து, முண்ணாணின் நடுக்கால்வாயைச் சுற்றி இருக்கும் துணைக்கலங்கள் பிரிந்து பெருகுகின்றன. அவற்றில் சில நீண்டு, வெட்டின் இரு கரைகளையும் தொடுத்து ஒரு பாலம் அமைக்கின்றன. இரண்டு, மூன்று வாரங்களில் நரம்பிழைகள் அந்தப் பாலத்தின் வழியே கடக்கின்றன. புதிய நரம்புக் கலங்களும் பிறக்கின்றன. ஆறு முதல் எட்டு வாரத்தில் மீன் நீந்துகிறது. குஞ்சு மீன்களில் இது நாட்கணக்கில் முடிந்துவிடுகிறது.

அந்தப் பாலத்தைக் கட்டச்சொல்வது எது? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கெனத் பொஸ்ஸின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய மேய்சா மொகல்லட் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் 2016இல் ஒரு விடையை வெளியிட்டார்கள். காயத்தின் பின் எந்தெந்தப் பரம்பரையலகுகள் விழித்துக்கொள்கின்றன என்று தேடியபோது, சுருக்கமாக சி.ரி.ஜி.எஃப். எனப்படும் புரதம் பாலக் கலங்களில் மிகுந்து தோன்றுவதைக் கண்டார்கள். அதை இல்லாமற் செய்தால் மீனின் முண்ணாண் சேரவில்லை. கூடுதலாகக் கொடுத்தால் விரைவாகச் சேர்ந்தது. அதே புரதத்தின் மனித வடிவத்தை மீனின் காயத்தில் கொடுத்தபோதும் அது வேலை செய்தது. அதாவது, பாலம் கட்டும் கொத்தனார் நம் உடலிலும் இருக்கிறார். ஆனால் நம் முண்ணாணில் அவரைச் சரியான நேரத்தில், சரியான இடத்துக்கு யாரும் அழைப்பதில்லை. அழைக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிப்பதே இன்றைய வேலை.

ஓர் எச்சரிக்கையும் அதே ஆண்டில் வந்தது. நம் காயத்தில் உருவாகும் தழும்புதான் முழுக் குற்றவாளி, அதை அகற்றினால் போதும் என்று நீண்டகாலம் நினைத்தார்கள். மைக்கல் சொஃப்ரோனியூ என்பவரின் குழு எலிகளில் அந்தத் தழும்புக் கலங்களை அகற்றிப் பார்த்தது. வளர்ச்சி கூடவில்லை; நிலைமை மோசமாகியது. தழும்பு பாதுகாப்பும் தருகிறது. எனவே அதை அழிப்பதல்ல, மீனில் நடப்பதுபோல் அதைப் பாலமாக மாற்றுவதுதான் நோக்கமாக இருக்கவேண்டும்.

கண்ணிலும் இதே கதைதான். மீனின் விழித்திரை பழுதடைந்தால், அங்கே இருக்கும் மியூலர் கலங்கள் என்னும் துணைக்கலங்கள் தங்கள் தொழிலை மறந்து, இளமைக்குத் திரும்பி, பிரிந்து, புதிய நரம்புக் கலங்களைத் தருகின்றன. நம் கண்ணிலும் மியூலர் கலங்கள் இருக்கின்றன. ஆனால் அவை காயத்துக்குத் தழும்பால் பதில் சொல்கின்றன. மீனில் இந்த மாற்றத்தைத் தொடக்கிவைக்கும் பரம்பரையலகுச் சங்கிலியை 2010இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டானியல் கோல்ட்மனுடன் சேர்ந்து வெளிக்கொணர்ந்தவர்களில் முதன்மையானவர் ராஜேஷ் ராமச்சந்திரன். அவர் பின்னர் இந்தியா திரும்பி, மொஹாலியில் உள்ள இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிறுவகத்தில் அதே ஆய்வைத் தொடர்கிறார். 2017இல் சியாற்றில் நகரில் தோமஸ் ரேயின் குழுவினர், மீனில் கண்ட அந்தப் பரம்பரையலகை ஒரு மருந்துடன் சேர்த்து வளர்ந்த எலியின் கண்ணில் இயக்கினார்கள். மியூலர் கலங்களிலிருந்து புதிய நரம்புக் கலங்கள் பிறந்து, அயல் கலங்களுடன் தொடர்பும் கொண்டன. மீனில் கற்ற பாடம் பாலூட்டியில் ஓரளவு பலித்த தெளிவான உதாரணம் இது.

இவையெல்லாம் தூரத்து நாட்டவர்களின் வேலை என்று நினைக்காதீர்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சுக்லா கோஷ் என்ற பேராசிரியை பல ஆண்டுகள் வரிக்குதிரை மீனின் முண்ணாணை ஆராய்ந்துள்ளார். மனிதருக்கு முண்ணாண் கத்தியால் வெட்டியதுபோல் அறுவது குறைவு. நொறுங்கிய எலும்பால் நசுங்குவதே அதிகம். அதனால் அவரும் அவரது மாணவர் சுப்ரா பிரகாஷ் ஹுயும் மீனின் முண்ணாணை வெட்டாமல் நசுக்கிப் பார்த்து, அதிலிருந்து அது எப்படி மீள்கிறது என்பதை 2010இல் வெளியிட்டார்கள். ஹுய் பின்னர் அவுஸ்திரேலியாவில், காயத்துக்கு விரையும் ஒருவகை எதிர்ப்புசக்திக் கலங்கள் அழற்சியைத் தணிப்பதோடு, அந்தந்த உறுப்புக்கு வேண்டிய வளர்ச்சிப் பொருளையும் கொடுக்கின்றன என்று 2017இல் காட்டிய குழுவில் முதன்மையானவராக இருந்தார். பூனேயின் அகார்கர் ஆய்வு நிறுவனத்தில் சின்மய் பாத்ராவின் குழு, நான் முன்பு சொன்ன அதே பாலப் புரதம் முள்ளென்புகளுக்கு இடையில் உள்ள வட்டுக்களைப் பேணுவதையும் திருத்துவதையும் மீனில் ஆராய்ந்துள்ளது. பெங்களூரில் வத்சலா திருமலை மீன்குஞ்சின் நரம்புகள் அசைவை எப்படி நடத்துகின்றன என்று ஆராய்கிறார். வயல் வாய்க்காலின் மீனை, அதன் தாயகத்தவர்களே படிக்கிறார்கள்.

இதுவரை கேட்டவர்கள் மனதில் ஒரு நம்பிக்கை எழுந்திருக்கும். அதை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டியதையும் நானே சொல்லவேண்டும்.

மீனின் முண்ணாண் நூல் போன்றது. இழை கடக்கவேண்டிய தூரம் மில்லிமீற்றர்கள். நமக்கோ பத்துக்கணக்கான சென்ரிமீற்றர்கள். மீன் வாழ்நாள் முழுவதும் வளர்கிறது, புதிய நரம்புக் கலங்களைப் பிறப்பிக்கிறது. நாம் அப்படியல்ல. மீனிலும்கூட அறுந்த இழைகள் எல்லாம் மீள்வதில்லை. ஒரு பகுதிதான் கடக்கிறது; மிச்சத்தைப் புதிய தொடர்புகளால் சமாளித்துக்கொண்டு அது நீந்துகிறது. இந்தக் கடைசி விடயம் நமக்கு ஆறுதலானது. எல்லாம் திரும்பவேண்டியதில்லை, சிறிது திரும்பினாலும் வாழ்க்கை மாறும். முண்ணாண் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். நடப்பதற்கு முன் அவர்கள் விரும்புவது பலவேளை சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்துவது, ஒரு கோப்பையைத் தன் கையால் பிடிப்பது போன்றவையே.

இன்றுவரை மீனிடம் கற்றதைக் கொண்டு மனித முண்ணாணை மீளவளர்க்கும் மருந்து எதுவும் வைத்தியசாலைக்கு வந்து சேரவில்லை. வேறு வழியில் ஒரு முன்னேற்றம் உண்டு. 2023இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில், மூளையின் சமிக்ஞையைக் கருவி மூலம் வாசித்து, காயத்தைத் தாண்டி முண்ணாணுக்கு மின்தூண்டலாக அனுப்பி, நடக்கமுடியாதிருந்த ஒருவரை நடக்கவைத்தார்கள். அது நரம்பு வளர்ந்ததால் அல்ல, பாலத்துக்குப் பதிலாக ஒரு கம்பியைப் போட்டதால். அதுவும் இன்னும் பரிசோதனைதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பார்” என்று விளம்பரம் செய்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கடல் கடந்து நம் வீட்டுக் கைத்தொலைபேசிக்கும் அந்த விளம்பரம் வருகிறது. வளவை ஈடுவைத்து, மகளின் நகையை விற்று ஒருவர் புறப்படுமுன் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இது பதிவுசெய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனையா? நம் நாட்டிலும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு ஒன்று உண்டு, யாரும் பார்க்கலாம். பரிசோதனை என்றால் ஏன் பணம் கேட்கிறார்கள்? முறையான பரிசோதனைகள் பொதுவாக நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. முன்னர் செய்தவர்களின் முடிவுகள் எங்கே வெளியாகியுள்ளன? பிழைத்துப்போனால் யார் பொறுப்பு? இந்த நான்குக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் பணத்தைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

அப்படியானால் மருந்து வரும்வரை என்ன செய்வது? இதற்குப் பதிலாக ஒரு பெண்ணின் வரலாற்றைச் சொல்கிறேன்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நம் வீடுகளில் அறியப்பட்ட பெயர். அங்கே மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் வைத்தியர் இருந்தார். கொச்சியைச் சேர்ந்தவர். 1954இல் ஒரு வீதி விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வையும் இயக்கத்தையும் இழந்தார். அப்போது அங்கே போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தொழுநோயால் நரம்பு செத்துச் சுருண்ட கைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்த நரம்பு திரும்ப வளராது. ஆகவே வேலை செய்யும் ஒரு தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் இடத்தில் இணைத்து, விரலை மீண்டும் நிமிர வைத்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்தச் சத்திரசிகிச்சையைக் கற்று, நோயாளிகளின் கைகளைத் திருத்தத் தொடங்கினார். பின்னர் அவுஸ்திரேலியாவிலும் நியூயோர்க்கிலும் புனர்வாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூருக்குத் திரும்பி அத்துறையின் தலைவியானார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் காலமானார்.

அவருடைய முண்ணாண் வளரவில்லை. ஆனால் அவரால் நூற்றுக்கணக்கானோர் உழைத்து உண்ணவும் வீட்டில் மதிப்போடு வாழவும் கற்றார்கள். மீன் விஞ்ஞானமும் மேரி வர்கீஸின் மருத்துவமும் எதிரெதிரானவை அல்ல. நாளை ஒரு மருந்து வந்தாலும், தோல் புண்ணாகாமல், மூட்டு விறைக்காமல், சிறுநீரகம் பழுதாகாமல் காக்கப்பட்ட உடலுக்குத்தான் அது பயன்படும். இன்று செய்யும் பராமரிப்பு நாளைய மருந்துக்கு நாம் திறந்து வைக்கும் கதவு.

ஆகவே வீட்டுக்குக் கொண்டுபோக சில விடயங்கள்.

ஒருவர் மரத்தில் இருந்தோ மதிலில் இருந்தோ விழுந்து கிடந்தால், பதற்றத்தில் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஓட்டோவில் உட்காரவைத்து ஓடாதீர்கள். எலும்பு முறிந்தும் முண்ணாண் தப்பியிருக்கும் ஒருவருக்கு அந்த ஓட்டமே முண்ணாணை நசுக்கிவிடலாம். தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்; சுவசெரிய நோயாளர் வண்டி இலவசமாக வரும். கட்டாயம் நகர்த்தவேண்டுமென்றால் பலர் சேர்ந்து, மரக்குற்றியை உருட்டுவதுபோல் உடல் முழுவதையும் ஒன்றாகத் திருப்பி, ஒரு பலகையில் கிடத்துங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால், படுக்கையில் இருக்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். பின்முதுகு, இடுப்பெலும்பு, குதிக்கால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். உணர்வு இல்லாதவருக்குப் புண் வருவது தெரியாது. சிறுநீர்க் குழாயைக் கையாளுமுன் கையை நன்கு கழுவுங்கள். நம்மைப் போன்ற நாடுகளில் இவர்களின் உயிரை எடுப்பது பெரும்பாலும் படுக்கைப் புண்ணின் கிருமியும் சிறுநீர்த் தொற்றும்தான். இவை தடுக்கக்கூடியவை. இயன் மருத்துவர் சொல்லும் பயிற்சியை விடாதீர்கள். றாகமையிலும் திகனவிலும் அரச புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உண்டு. மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கான ‘உயிரிழை’ அமைப்பு இயங்குகிறது. பராமரிக்கும் பெண்ணுக்கும் ஓய்வு வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது அவளை வெளியே அனுப்பிவிட்டு நீங்கள் அந்தக் கட்டிலருகே இருப்பது பெரிய உதவி. நம் சங்கம் இப்படி ஒரு முறை வைத்தால் நூற்றாண்டுக்கு அதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் வேண்டியதில்லை.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். இன்று நான் சொன்ன பெயர்களில் பெண்களை எண்ணிப் பாருங்கள். யாரும் அவர்களுக்குத் தனி வழி திறந்து வைக்கவில்லை. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்கள். மீனில் ஆய்வு செய்வதற்கு எலிக்கு வேண்டிய செலவில்லை. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் இங்கிருந்து பஸ்ஸில் போகலாம். இப்படியான ஆய்வுக்கு வேண்டிய மீனும் நீரும் நம்மிடம் உண்டு. கேள்வி கேட்கும் பிள்ளைகளும் வேண்டும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாவுக்குக் கேடயம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஒரு நல்ல மீன்தொட்டியும் ஒரு நுணுக்குக்காட்டியும் வாங்கிக் கொடுப்போம். பிள்ளைகள் எந்த மீனையும் வெட்டவேண்டாம். மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரு தொட்டியில் விட்டு, காலையில் முட்டைகளை எடுத்து, மறுநாள் அந்தக் கண்ணாடி முளையத்தினுள் ஒரு சிறு இதயம் துடிப்பதைப் பார்க்கட்டும். மூன்றாம் நாள் வால் அசைவதைப் பார்க்கட்டும். ஏன் என்று கேட்கட்டும். மற்றது தானாக வரும்.

நூறு வருடமாக இந்த ஊரின் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்த பாடசாலை இது. யுத்தத்தையும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளையும் கண்ட ஊரில் வகுப்புகளைத் தொடர்ந்து நடத்திவந்த ஆசிரியைகளையும் ஆசிரியர்களையும் நன்றியோடு நினைக்கிறேன்.